ஜெரால்டின் பேஜின் கைகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

முதுமையைப் பற்றிய படங்கள் என்று நீங்கள் போகிற போக்கில் சொன்ன ‘தி ட்ரிப் டு பவுண்டிஃபுல்’ படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். ஹூஸ்டனில் ஒரு சின்ன அடுக்ககம், மகன், மருமகள், அவர்களோடு ஒண்டிக்கொண்டிருக்கும் ஒரு கிழவி, தன் பிறந்த ஊருக்கு ஒருமுறை போய்விட வேண்டும் என்று வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஏறுகிறாள். பென்ஷன் செக்கை மருமகள் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிற இடத்தில் என் பாட்டி ஞாபகம் வந்து, அதற்குப் பிறகு ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஒரு உறுத்தல். அந்த அம்மாவின் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. பையைத் தடவுகிறார், கைக்குட்டையைக் கசக்குகிறார், எதையாவது நிமிண்டிக்கொண்டே இருக்கிறார். ஜெரால்டின் பேஜ் நாடக மேடையிலிருந்து வந்தவர் என்று பிறகு படித்தேன். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று பழகிய கை, கேமரா முன்னால் அடங்கவில்லையோ என்று தோன்றியது. இன்னொன்றும் கேட்க வேண்டும். எட்டு முறை ஆஸ்கர் பரிந்துரை, கடைசி முறை 61 வயதில்தான் விருது. இவ்வளவு பெரிய நடிகை என்கிறார்கள், நான் பேரே கேள்விப்பட்டதில்லை. ஹாலிவுட் அவரை வீணடித்ததா, அவரே கோட்டைவிட்டாரா?

ச.,
சேலம்

அன்புள்ள ச.,

கையைக் கவனித்தீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்கு நீளமாகப் பதில் எழுதலாம். பேஜைப் பிடிக்காதவர்கள் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே இதைத்தான் சொன்னார்கள். கை படபடக்கிறது, குரல் நடுங்குகிறது, வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேறெங்கோ பார்க்கிறார் என்று. நம்மிடமும் ‘நாடகத்தனம்’ என்று ஒரு வசவு இருக்கிறது, சினிமா விமர்சனம் எழுதுகிற யாரும் வருஷத்துக்கு நாலு தடவையாவது அதை எடுத்து வீசுவோம், நானும் வீசியிருக்கிறேன். மேடை என்றாலே சத்தம், கைவீச்சு, தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பெரிதாக்குவது என்று நாமாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

ஆனால் ஜெரால்டின் பேஜ் பேர் வாங்கிய இடத்தில் கடைசி வரிசை என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடையாது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஷெரிடன் சதுக்கத்தில், ஒரு பழைய இரவு விடுதியை மாற்றி ‘சர்க்கிள் இன் தி ஸ்கொயர்’ என்று ஒரு சின்ன அரங்கம் ஆரம்பித்திருந்தார்கள். மூன்று பக்கமும் ஜனங்கள், நடுவில் நடிப்பு. முதல் வரிசைக்காரர் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழுவார், அவ்வளவு நெருக்கம். 1952இல் அங்கே ஹோசே கின்டெரோ இயக்கத்தில் நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் ‘சம்மர் அண்ட் ஸ்மோக்’. இதே நாடகம் 1948இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் சரியாகப் போகாமல் இறங்கிவிட்ட ஒன்று, சீண்டுவாரில்லாமல் கிடந்தது. பேஜுக்கு அப்போது 27 வயது. மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்து, சிகாகோவில் நடிப்புப் பள்ளியில் படித்து, நியூயார்க்கில் தொப்பி, கோட்டு வாங்கிவைக்கிற வேலை, தொழிற்சாலை வேலை என்று ஓட்டிக்கொண்டிருந்த பெண். ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் புரூக்ஸ் அட்கின்சன் அந்தச் சின்ன அரங்கத்துக்கே வந்து பார்த்துப் பாராட்டி எழுதினார், ஊர் திரண்டு வந்தது. பிராட்வேக்கு வெளியேயும் பெரிய நாடகம் நடக்கும் என்று நியூயார்க் நம்ப ஆரம்பித்ததை இந்த ஒரு நாடகத்திலிருந்துதான் பலர் கணக்கு வைக்கிறார்கள்.

அதில் பேஜுக்கு ஆல்மா வேடம். மிசிசிப்பியில் ஒரு சிற்றூர்ப் பாதிரியாரின் மகள், பக்கத்து வீட்டு டாக்டர் மகன்மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை, சொல்ல வாய் வராது. அவள் பேச்சும் நடையும் கொஞ்சம் ஒரு மாதிரி, இழுத்து, ஜோடனையாக, மூச்சு முட்ட. ஊரில் அவள் முதுகுக்குப் பின்னால் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று அந்த டாக்டர் பையனே அவளிடம் போட்டு உடைக்கிற காட்சி நாடகத்தில் இருக்கிறது. அதாவது அந்தப் படபடப்பு வேடத்துக்குள்ளேயே எழுதிவைத்திருப்பது. சொல்ல முடியாததெல்லாம் கை வழியாகக் கசிகிற ஒரு பெண், அவளை மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள் ஜனங்கள். குளோசப் வேறு என்ன தருகிறது, சொல்லுங்கள்? ஒன்பது வருஷம் கழித்து 1961இல் அதைப் படமாக்கியபோதும் அவர்தான் ஆல்மா, பரிந்துரையும் கிடைத்தது. படம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, பெரிய திரையில் வண்ணத்தில் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, பேஜ் மட்டும் இன்னும் அந்தச் சின்ன அறைக்குள் இருப்பதுபோல நடிக்கிறார்.

சரி, ஹாலிவுட். 1953இல் ஜான் வேய்னோடு ‘ஹோண்டோ’, அப்பாச்சி பழங்குடியினரின் நிலத்தில் மகனோடு தனியாகப் பண்ணை நடத்துகிற பெண்ணாக. முதல் பெரிய வேடத்துக்கே துணை நடிகைக்கான பரிந்துரை. அதற்கப்புறம் எட்டு வருஷம் படமே கிடையாது! அவருக்கு நடிப்பு சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் உட்டா ஹாகன், கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த அந்த நாட்களில் வேலை கொடுக்கக் கூடாதவர்கள் என்ற கறுப்புப் பட்டியலில் இருந்தவர், அந்தச் சகவாசம்தான் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. இதற்கிடையில் 1954இல் ‘தி ரெயின்மேக்கர்’ பிராட்வேயில் வந்தபோது, கல்யாணம் ஆகாமலே போய்விடுவோமோ என்று பயப்படுகிற லிஸி வேடத்தை முதலில் மேடையில் உருவாக்கியது பேஜ். 1956இல் படம் வந்தது, லிஸியாக கேத்ரின் ஹெப்பர்ன், ஹெப்பர்னுக்கு ஆஸ்கர் பரிந்துரை. இன்றைக்கு லிஸி என்றால் யாருக்கும் ஹெப்பர்ன் முகம்தான் வரும். நீங்கள் பேஜின் பெயரைக் கேள்விப்படாததற்குப் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது. மேடையில் ஒருவர் தன் உச்சத்தில் இருந்ததை நாம் பார்க்க வழியே இல்லை, அன்றைக்கு டிக்கெட் வாங்கியவர்களோடு அது போய்விட்டது. நமக்குக் கிடைத்திருப்பது மிச்சம்தான், ஆனால் அந்த மிச்சமே எனக்குப் போதும்போல இருக்கிறது.

எல்லாமும் கைநழுவிவிடவில்லை. 1959இல் பிராட்வேயில் எலியா கசான் இயக்கத்தில் ‘ஸ்வீட் பேர்ட் ஆஃப் யூத்’ நாடகம், உடன் பால் நியூமன். வயதாகிவிட்டது, இனி நம் முகம் எடுபடாது என்று பயந்து, தன் புதுப் படத்தின் முதல் காட்சியிலிருந்து ஓடிவந்துவிட்ட ஒரு பழைய நட்சத்திரம், பேர் அலெக்ஸாண்ட்ரா டெல் லாகோ. பேஜுக்கு அப்போது 34தான்! 1962இல் வந்த படத்திலும் நியூமனும் அவருமே நடித்தார்கள், ஆகவே இதையாவது நீங்கள் பார்க்கலாம். அதில் ஒரு தொலைபேசிக் காட்சி. தனக்கு வாய்ப்பு வாங்கித் தருவாள் என்ற நம்பிக்கையில் நியூமன் அவளைப் பத்திரிகையாளருக்குப் போன் பண்ணவைக்கிறான், பக்கத்திலேயே நின்று ‘என்னைப் பற்றிச் சொல், என்னைப் பற்றிச் சொல்’ என்று நச்சரிக்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற செய்தி, அவள் தோற்றுவிட்டதாக நினைத்து ஓடிவந்த படம் வெற்றி. போனைக் காதில் வைத்திருக்கிற அந்த முகத்தைப் பாருங்கள். முதலில் நம்பாத ஒரு அசட்டு முழிப்பு, அப்புறம் மெல்ல முதுகு நிமிர்கிறது, குரல் ஒரு கட்டை இறங்கி அதிகாரம் ஏறுகிறது, பக்கத்தில் நிற்கிற பையன் அவளுக்கு ஒரு நாற்காலிபோல ஆகிவிடுகிறான். ஒரு வார்த்தை திட்டாமல் ஒருவனை அறையை விட்டே வெளியேற்றிவிடுகிறார்.

அந்தப் படத்தில் வில்லன் மகனாக வருகிற ரிப் டோர்ன்தான் பிறகு அவர் கணவர். மன்ஹாட்டனில் செல்சி பகுதியில் அவர்கள் இருந்த வீட்டு அழைப்புமணியில் இரண்டு பேரின் குடும்பப் பெயரும் சேர்ந்து ‘டோர்ன் பேஜ்’ என்று இருந்ததாம், ஆங்கிலத்தில் கிழிந்த பக்கம். எழுத்தாளன் வீட்டு வாசலில் மாட்ட வேண்டியது, அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

நான் பேஜை முதலில் பார்த்தது ‘இன்டீரியர்ஸ்’ படத்தில், வூடி ஆலன் 1978இல் எடுத்தது. ஒரு திரைப்படச் சங்கத்துத் திரையிடல், பெயர் வேண்டாம், மின்விசிறிச் சத்தத்தில் வசனம் பாதி காதில் விழவில்லை. வீட்டு அலங்காரம் செய்கிற ஈவ் என்ற தாய், எதையும் இருக்கிற இடத்தில் இருக்கவிடாதவள், மகள் வீட்டுக்கு வந்தாலும் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். கணவன் விட்டுப் போனதும் ஜன்னல், கதவு இடுக்கையெல்லாம் டேப் வைத்து அடைக்கிறாள், எரிவாயுவைத் திறந்துவிடுவதற்காக. வசனம் கிடையாது. டேப்பை இழுக்கிற அந்தக் கர்ரென்ற சத்தம், கிழிக்கிற சத்தம், மறுபடி இழுப்பு. அரங்கத்தில் மின்விசிறியையும் மீறிக் கேட்டது அது ஒன்றுதான். நேர்கோட்டில், சுருக்கமில்லாமல், தொழில் தெரிந்தவளின் சுத்தத்தோடு ஒட்டுகிறாள். சாகப்போகிறவள் டேப் கோணலாக ஒட்டிவிடக் கூடாது என்று பார்க்கிறாள்! இங்கே அந்தக் கை படபடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இதே படத்தில் தேவாலயத்தில் கணவன் விவாகரத்து கேட்கிறபோது, அங்கே ஏற்றிவைத்திருக்கும் விளக்குகளை ஒரே வீச்சில் கீழே தள்ளுகிறாள், அதுவும் அதே கைதான்.

ஆக, அடக்கத் தெரியாத கை இல்லை அது. எல்லாப் படத்திலும் சரியாக இருக்கிறது என்று நான் வாதாட மாட்டேன், ‘டாய்ஸ் இன் தி அட்டிக்’ பார்த்தால் நீங்கள் சொன்ன குற்றச்சாட்டில் நானும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆனால் பவுண்டிஃபுல் படத்தில் அந்தக் கிழவி, மிஸஸ் வாட்ஸ், யார்? பாடப் பிரியப்பட்டால் மருமகள் பாடக் கூடாது என்கிறாள், ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, காசும் தன் கையில் தங்காது. அந்தச் சின்ன வீட்டில் அவள் இஷ்டத்துக்கு விட்டிருப்பது விரல்கள் மட்டும்தான். பஸ்ஸில் பையை அத்தனை தடவை தடவியவள் இறங்குகிற ஊரில் அதையே மறந்து பஸ்ஸிலேயே விட்டுவிடுகிறாள், ஞாபகம் இருக்கிறதா? ஷெரிஃப் அவளைப் பாழடைந்த பழைய வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு அந்த விரல்கள் எப்படி இருக்கின்றன என்று இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், இருபது நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

வீணடித்ததா, கோட்டைவிட்டாரா என்ற கேள்வி எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. நாம் ஒரு நடிகையின் வாழ்க்கையை மாடிப்படி மாதிரி வரைந்துகொள்கிறோம், நாடகம் கீழ்ப்படி, டிவி நடுப்படி, சினிமா மேல்மாடி. அவர் அப்படி நினைத்த மாதிரியே தெரியவில்லை. எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டியின் சிறுவயதுக் கதை ஒன்றை 1966இல் டிவிக்கு எடுத்தபோது, கிறிஸ்துமஸுக்குக் கேக் சுடுகிற வெள்ளந்தியான வயதான உறவுக்காரியாக நடித்தார், அதற்கு டிவிக்கான எம்மி விருது ஒன்று, அதன் தொடர்ச்சிக்கு இன்னொன்று. 1977இல் டிஸ்னியின் ‘தி ரெஸ்க்யூவர்ஸ்’ கார்ட்டூனில் வில்லிக்கு வெறும் குரல், அங்கே கையே இல்லை, ஆனாலும் அந்த மெடூஸா ஒட்டுவைத்த இமை மயிரைப் பிய்த்தபடி சிறுமியிடம் கொஞ்சிப் பேசுகிற காட்சியில் குழந்தைகள் இன்றைக்கும் நெளிவார்கள். ‘தி போப் ஆஃப் கிரீனிச் வில்லேஜ்’ படத்தில் செத்துப்போன போலீஸ்காரனின் அம்மா, இரண்டே காட்சி, பத்து நிமிஷம்கூட வராது, அதற்கு ஏழாவது பரிந்துரை. கடைசி வருஷங்களில் நியூயார்க்கில் மிரர் ரெபர்ட்டரி என்ற சின்ன நாடகக் குழுவில் பெரிய வேடம் சின்ன வேடம் பார்க்காமல் நடித்துக்கொண்டிருந்தார், ஆஸ்கர் வாங்கிய பிறகும்தான்.

1986 ஆஸ்கர் விருது இரவில் உறையைப் பிரித்த நடிகர் எஃப். முரே ஆப்ரஹாம், ஆங்கில மொழியின் ஆகச்சிறந்த நடிகை இவர் என்று நான் கருதுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெயரையே வாசித்தார். அரங்கமே எழுந்து நிற்கிறது, அம்மாவைக் காணோம். காலைக் கடிக்கிறது என்று நாற்காலிக்கடியில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிராட்வேயின் டோனி விருது மட்டும் வரவே இல்லை, நான்கு பரிந்துரை, நான்கும் கைக்கெட்டாமல் போனது. நான்காவது 1987இல், நோயல் கவர்டின் ‘பிளைத் ஸ்பிரிட்’ நாடகத்தில் ஆவியை அழைக்கிற மேடம் ஆர்கட்டி வேடத்துக்கு. விழா நடந்த மறு வாரம், ஜூன் 13, சனிக்கிழமை, பிற்பகல் காட்சிக்கு அவர் வரவில்லை, இரவுக் காட்சிக்கும் வரவில்லை. அந்த நகைச்சுவை நாடகம் அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. இரவுக் காட்சி முடிந்ததும் தயாரிப்பாளர் மேடைக்கு வந்து சொன்னார், மாரடைப்பு, வீட்டிலேயே. 62 வயது.

அடுத்து எது பார்ப்பது என்று கேட்பீர்கள். ‘இன்டீரியர்ஸ்’ பாருங்கள், ஹெட்போன் போட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு. பார்த்துவிட்டு எழுதுங்கள், சண்டை போடுவதற்கென்றாலும் சரி.

அன்புடன்