ஈஎஸ்பி32 ஆடியோ பெட்டிக்கு எந்த டிஏசி, எந்த சுவிட்ச் ஐசி வாங்கலாம்?

கேள்வி: ஈஎஸ்பி32 வைத்து இணைய வானொலியும் புளூடூத் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் செய்கிறேன். போனை ஒயரில் செருக ஆக்ஸ் ஜாக்கும் வேண்டும். எந்த டிஏசி வாங்குவது? மூன்றையும் மாற்றிக் கேட்க எந்த சுவிட்ச் ஐசி சரியாக வரும்?

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்களிடம் இருப்பது மூன்று ஒலிமூலம் இல்லை, இரண்டுதான். வானொலியும் புளூடூத்தும் ஒரே ஈஎஸ்பி32 சில்லில் இருந்து ஒரே ஐ2எஸ் (டிஜிட்டல் ஒலியைக் கடத்தும் இணைப்பு) வழியாக ஒரே டிஏசிக்குத்தான் (எண்களை ஒலி வோல்ட்டேஜாக மாற்றும் ஐசி) போகும். அவற்றுக்குள் மாற்றுவது நிரல் செய்யும் வேலை. சுவிட்ச் ஐசி தேர்ந்தெடுக்க வேண்டியது டிஏசியா ஆக்ஸா என்பதை மட்டும். வாங்கும்போது பழைய, சாதாரண ஈஎஸ்பி32-ஐயே வாங்குங்கள். புதியது என்று எஸ்3 வாங்கினால் அதில் பாட்டு அனுப்பும் கிளாசிக் புளூடூத் கிடையாது, பிஎல்இ (குறைந்த மின்சாரப் புளூடூத்) மட்டும்தான்.

இனி டிஏசி. ஈஎஸ்பி32-க்கு உள்ளேயே இரண்டு டிஏசி இருக்கிறது, ஆனால் 8 பிட்தான். மொத்தமே 256 படிகள். மணி அடிக்க, அறிவிப்பு சொல்ல அது போதும். பாட்டு மெலிதாக அடங்கும் இடத்தில் இரைச்சல் தனியாகக் கேட்கும். 12 பிட் இருக்கிறதே என்று பலர் எம்சிபி4725 வாங்குகிறார்கள். அது ஐ2எஸ்-இல் அல்ல, ஐ2சி என்ற மெதுவான இணைப்பில் ஓடுவது. 400 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினாலும், ஒரு சாம்பிளுக்கு 18 துடிப்பு போனால், விநாடிக்கு 22 ஆயிரம் சாம்பிளைத் தாண்டாது. அதுவும் ஒரே சேனல். பாட்டுக்கு இரண்டு சேனலிலும் 44,100 வேண்டும். கட்டுப்பாட்டு வோல்ட்டேஜ் உருவாக்க அது நல்ல ஐசி, பாட்டுக்கு இல்லை.

உங்கள் பெட்டிக்கு நான் சொல்வது பிசிஎம்5102ஏ. ஐ2எஸ்-இன் மூன்று ஒயர் போதும். மாஸ்டர் கிளாக்கைத் தனியாகக் கொடுக்க வேண்டாம், எஸ்சிகே பின்னை கிரவுண்டில் கட்டிவிட்டால் பிட் கிளாக்கிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும். சிஎஸ்4344 போன்றவற்றுக்கு அந்த நாலாவது ஒயரும் கட்டாயம். ஆக்ஸ் வேண்டாம், ஒரு ஸ்பீக்கர் போதும் என்றிருந்தால் மேக்ஸ்98357ஏ ஒன்றே டிஏசியும் ஆம்பிளிஃபையருமாக வேலையை முடித்திருக்கும். ஆனால் அதன் வெளியீடு ஸ்பீக்கருக்கு மட்டும்தான், அதை சுவிட்ச் ஐசிக்குக் கொண்டுபோக முடியாது.

5102 போர்டு வந்ததும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நாலு சால்டர் பாலங்கள் இருக்கும். 1, 2, 4 'எல்' பக்கமும், 3 'எச்' பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். சில போர்டுகளில் ஒட்டாமலே வருகிறது. மூன்றாவது மியூட் பின். அது மிதந்தால் நிரல் எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வராது.

இப்போது சுவிட்ச். என்னை ஒரு வாரம் அலையவைத்தது இதுதான். இரண்டு மூலம், ஸ்டீரியோ என்றால் 4053 என்ற சுவிட்ச் ஐசி அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். உள்ளே மூன்று இருவழி சுவிட்ச், நமக்கு வேண்டியது இரண்டு. நான் 4053-க்கு 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுத்து, 5102-இன் வெளியீட்டை நேராகச் சொருகினேன். மெதுவாக வைத்துக் கேட்டால் அருமையாகப் பாடியது. சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பு. ஸ்பீக்கரை மாற்றினேன், ஆம்பை மாற்றினேன், நிரலைக் கூட மாற்றி எழுதினேன். கடைசியில் நண்பரின் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தபோது அலையின் மேல்பாதி முழுதாக இருந்தது, கீழ்ப்பாதி சுழியத்துக்குச் சற்றுக் கீழே, அரை வோல்ட் சுமாரில், கத்தியால் சீவியது போல் தட்டையாக நின்றது.

காரணம் எளிது. 5102-இன் வெளியீடு கிரவுண்டை நடுவாக வைத்து மேலும் கீழும் ஆடுகிறது. முழு அளவில் 2.1 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது ஏறக்குறைய +3-இலிருந்து -3 வோல்ட் வரை. 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓடும் சுவிட்ச் அந்த எல்லைக்குள் இருப்பதை மட்டுமே கடத்தும். கிரவுண்டுக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு கடத்தத் தொடங்கிவிடும். மெதுவாக வைத்தபோது அலை அந்த அரை வோல்ட்டைத் தாண்டவில்லை, அதனால் தப்பித்தது. ஐசி தேர்வில் எத்தனை பிட், எத்தனை டெசிபெல் என்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான்: சிக்னல் எங்கிருந்து எங்கே வரை ஆடுகிறது, அடுத்த ஐசி அதைத் தாங்குமா.

சரிசெய்ய இரண்டு வழி. 4053-இன் 7-ஆம் பின்னுக்கு -5 வோல்ட் கொடுக்கலாம், அந்தப் பின் இருப்பதே இதற்காகத்தான். ஐசிஎல்7660 வைத்து எதிர்மின்னழுத்தம் உண்டாக்கலாம். ஆனால் சாதாரண 7660 சுமார் 10 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும், அந்த விசில் காதில் விழும்.

உங்களுக்கு இரண்டாவது வழியே மேல். டிஏசி வெளியீட்டை இரண்டு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்துப் பாதியாக்குங்கள். போனின் ஆக்ஸ் அதிகபட்சம் 1 வோல்ட் ஆர்எம்எஸ் சுமாருக்குத்தான் வரும் என்பதால், மாற்றும்போது சத்தம் திடீரென்று ஏறி இறங்குவதும் நின்றுவிடும். அப்புறம் ஒவ்வொரு வழியிலும் ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பிளஸ் முனை சுவிட்ச் பக்கம். இரண்டு 10 கிலோஓம் வைத்து 5 வோல்ட்டை 2.5 ஆக்கி, அங்கிருந்து 100 கிலோஓம் ஒன்றை நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு சுவிட்ச் பின்னுக்கும் கொடுங்கள். அந்த 2.5 புள்ளியில் கிரவுண்டுக்கு 100 மைக்ரோ கட்டாயம். இல்லாவிட்டால் வைஃபை மின்சாரம் இழுக்கும்போதெல்லாம் டிக் டிக் என்று பாட்டுக்குள் கேட்கும். ஆக்ஸ் ஜாக்கில் கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் போட்டால் போனைச் செருகும்போது வரும் வெடிப்பும் குறையும்.

கடையில் வெறுமனே 4053 என்று கேட்காதீர்கள், 74எச்சிடி4053 என்று கேளுங்கள். நடுவில் இருக்கும் 'டி' முக்கியம். சிடி4053-க்கும் 74எச்சி4053-க்கும் 5 வோல்ட்டில் 'ஆன்' என்று புரிய 3.5 வோல்ட் வேண்டும், ஈஎஸ்பி32 தருவது 3.3. மேசையில் வேலை செய்யும், பெட்டிக்குள் போனபின் என்றாவது காலை வாரிவிடும். எச்சிடி-க்கு 2 வோல்ட் போதும். சிடி4053-இன் உள் தடையும் 5 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான ஓம், சிக்னலோடு சேர்ந்து அது மாறவும் செய்யும். எச்சிடி-யில் அது வெகுவாகக் குறைவு. பின்னால் எம்சிபி6002 ஆப்-ஆம்பை வெறும் ஃபாலோயராக (வந்த சிக்னலை அப்படியே கடத்துவதாக) போட்டால் அந்தத் தடையே பொருட்டில்லை. டிஎல்072 கையில் இருக்கிறதே என்று போடாதீர்கள், 5 வோல்ட் அதற்குப் போதாது.

மாற்றும் நொடியில் 'டப்' வராமல் இருக்க, 5102-இன் மூன்றாவது பாலத்தை எடுத்துவிட்டு அந்த மியூட் பின்னை ஈஎஸ்பி32-க்குக் கொடுங்கள். மியூட் செய்து, 50 மில்லிவிநாடி பொறுத்து, 4053-ஐ மாற்றி, பிறகு திறக்கட்டும். ஆம்பை இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரில் பயன்படுத்தும் சுவிட்ச் பின்கள் ஆறையும் தொட்டுப் பாருங்கள். மீட்டரே கொஞ்சம் இழுப்பதால் 2.5-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டலாம், ஆனால் ஆறும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தக் கெபாசிட்டர் திருப்பிப் போட்டிருக்கும், அல்லது 100 கிலோஓம் ஒட்டவில்லை. 4053-இன் 6-ஆம் பின்னை (சுவிட்சுகளை அணைக்கும் பின்) கிரவுண்டில் கட்டினீர்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.