பின்வரிசையில் கிளம்பிய கார் எப்படி முதலில் வருகிறது?

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் பின்னால் கிளம்பி முன்னுக்கு வருவதைத்தான் 'கம்பேக்' என்கிறோம். பாதிக் காரணம் டயர். மென்மையான டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும், கடினமானது நேரெதிர். தேய்ந்த டயரில் தடுமாறுபவரைப் புது டயர்காரர் எளிதில் எட்டிவிடுவார்.

வெள்ளி சாயங்காலம் பெங்களூரிலிருந்து சேலம் கிளம்பிப் பாருங்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் எந்தக் காரும் ஊரத்தான் வேண்டும். அத்திப்பள்ளி தாண்டினால்தான் எஞ்சின் பலம் தெரியும். மற்றவர்கள் கிருஷ்ணகிரியில் டீக்கு ஒதுங்கும்போது நிற்காமல் போனால் ரோடு காலி. பிட் ஸ்டாப், அதாவது பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நிற்பது, அதன் கணக்கும் இதேதான். (நாமும் எங்காவது நின்றாக வேண்டும், அது வேறு.)

2022 பெல்ஜியம் பந்தயத்தில் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் 14ஆவதாகக் கிளம்பி வென்றது முழுக்க ஓட்டுநர் திறமை என்பார்கள். ஆனால் கிளம்பும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றிலேயே அவர் கார்தான் வேகம்; எஞ்சின் பாகங்கள் மாற்றிய தண்டனையில்தான் பின்னால் போனார்.