பொதுவலிப்பின்போது மூளை முழுவதும் ஒரேயடியாக எப்படிச் சிக்குகிறது?

வலிப்பு மூளை முழுக்க ஒரே நொடியில் வருகிறதா, ஓரிடத்தில் தொடங்கிப் பரவுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரேயடியாக வருவதுபோல் தெரியும், அவ்வளவுதான். எங்கோ ஓரிடத்தில் கிளம்பி, மூளையின் இரு பக்க நரம்பணு வலையமைப்புகளையும் மளமளவென்று பிடித்துக்கொள்வதே பொதுவலிப்பு. 2010-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் தந்த விளக்கமும் இதுதான்.

இதில் முக்கியமானது மூளையின் வெளியடுக்கான புறணிக்கும், அடியாழத்தில் இருந்து புறணிக்குச் செய்திகளைக் கடத்தும் தாலமஸுக்கும் இடையிலான சுற்று. சில நொடிகள் மட்டும் நினைவு தப்பும் ஆப்சன்ஸ் வலிப்பில் இது தெளிவாகத் தெரியும். பேசிக்கொண்டிருக்கும் குழந்தை பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். பார்வை நிலைகுத்தும், இமை லேசாகத் துடிக்கும். சில நொடிகளில் எதுவும் நடக்காததுபோல் பேச்சைத் தொடரும். (இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது பெரிய கொடுமை.) அந்த நொடிகளில் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜியில் விநாடிக்குச் சுமார் 3 முறை கூர்முனையும் அலையுமாக மாறிமாறி வரும்.

தாலமஸைச் சுற்றியுள்ள மெல்லிய நரம்பணு உறை உள்ளிருக்கும் அணுக்களை அடக்குகிறது. அந்த அடக்கத்தாலேயே அவற்றின் டி-வகை கால்சியம் வாயில்கள் (கால்சியத்தை அணுவுக்குள் விடும் வழிகள்) திறக்கத் தயாராகின்றன. அடக்கம் தளர்ந்ததும் அணுக்கள் சேர்ந்து வெடித்துப் புறணியை உசுப்ப, புறணி திரும்பத் தாலமஸைத் தூண்டுகிறது. சுழல் இப்படியே ஓடுகிறது. ஆப்சன்ஸ் வலிப்புக்குத் தரும் எத்தோசக்சிமைடு மருந்து முக்கியமாக அந்த வாயில்களைத்தான் தடுக்கிறது.

ஆப்சன்ஸ் வலிப்பு வரும் நேரத்தில், விழிப்போடு சும்மா இருக்கையில் இயங்கும் இயல்புநிலை வலையமைப்பின் செயல்பாடு குறைவதை எம்ஆர்ஐ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நினைவு தப்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கைகால் வெட்டி இழுக்கும் பெருவலிப்பில் மூளைத்தண்டும் சேர்ந்துகொள்கிறது.