ஏ கிரேடு வருகிறது, பின்னக் கணக்கு வரவில்லை

வணக்கம் சகோதரி. கடலூர் அரசு நடுநிலைப்பள்ளியில் ஏழாவது படிக்கும் மகளுக்குக் கணக்கில் ஏ கிரேடு, ஆனால் வீட்டில் பின்னம் கூட்டத் தெரியவில்லை, மெட்ரிக் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட வேண்டாம். 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீடு, அதாவது செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும். மீதி 60தான் பருவத் தேர்வு. சார்ட், மாடல் எல்லாம் ஒழுங்காகச் செய்யும் பிள்ளைக்கு அந்த 40-ல் நல்ல பங்கு வந்துவிடும். அதனால் பருவத் தேர்வு விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் மகன் 3/4 + 2/3-க்கு 5/7 என்று எழுதியிருந்தான். மேலே மேலோடும் கீழே கீழோடும் கூட்டியிருக்கிறான். "முக்காலோடு இன்னும் சேர்த்தால் முக்காலைவிடக் குறையுமாடா?" என்றேன். முழித்தான். அப்புறம் காகிதத்தில் 12 கட்டம் போட்டு, 9 கட்டம், 8 கட்டம் என்று எண்ண வைத்தேன். 17/12 என்று அவனே சொன்னான். பத்து நாள், தினம் அரை மணி நேரம், அவ்வளவுதான் ஆனது.

டீச்சரிடம் போகும்போது கிரேடு ஏன் போட்டீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். தப்பான கணக்கைக் காட்டி, எங்கே தடுமாறுகிறாள் என்று கேளுங்கள். எனக்கு நன்றாகவே உதவினார்கள்.

எட்டாவது வரை நம் மாநிலத்தில் நிறுத்தி வைப்பதில்லை, ஒன்பதாவதில்தான் இடிக்கும். எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வின் பழைய வினாத்தாளை இப்போதே போட வையுங்கள். தேறி, உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாயும் உண்டு.