ஆய்வுக் கட்டுரையே அதிகம் எழுதாமல் உயர் ஆற்றல் இயற்பியல் (அணுவைவிடச் சிறிய துகள்களை ஆராயும் துகள் இயற்பியல்தான்) பேராசிரியராகக் காலம் தள்ள முடியுமா?

ஒருவர் தள்ளியிருக்கிறார்: எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹிக்ஸ். ஆனால் அது அந்தக் காலம்.

1954இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அவர் முனைவர் பட்டம் வாங்கியது மூலக்கூறுகளைப் பற்றி; துகள் இயற்பியலே இல்லை! 1960இல் எடின்பரோவில் விரிவுரையாளர். 1964இல், துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பது பற்றி எழுதிய இரண்டாவது கட்டுரையை ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. மனுஷர் சளைக்கவில்லை. கணக்கின்படி நிறையுள்ள புதிய துகள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று கொஞ்சம் சேர்த்து எழுதி, அமெரிக்க இதழுக்கு அனுப்பினார். பின்னால் ‘ஹிக்ஸ் போசான்’ ஆனது அந்தத் துகள்தான். திருப்பி அனுப்பியதே நல்லதாய்ப் போயிற்று என்பேன்.

அதற்குப் பிறகு அவர் எழுதியவை பத்துக்கும் குறைவு. சமீபத்திய வெளியீடுகளின் பட்டியல் கேட்டு துறையிலிருந்து தாள் வந்தால், ‘எதுவுமில்லை’ என்று எழுதி அனுப்புவாராம். 1980இல் பேராசிரியர், 1996இல் ஓய்வு. 2012இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வகம் அந்தத் துகளைக் கண்டுபிடித்தது; 2013இல் பிரான்சுவா ஆங்லேருடன் நோபல். ‘இன்றைக்கென்றால் எனக்கு வேலையே கிடைக்காது’ என்று அவரே சொன்னார். எனவே, அவரைக் காட்டி உங்கள் ஆய்வு வழிகாட்டியிடம் வாதாடிவிடாதீர்கள்.