மெதுவாக வளரும் காதல் கொண்ட பி.எல். காமிக்ஸ்: எதைப் படிக்கலாம், எந்த வரிசையில்?

ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் பி.எல். (பாய்ஸ் லவ்) காமிக்ஸில், எடுத்த எடுப்பிலேயே ஒட்டிக்கொள்ளாமல் நிதானமாக நெருங்கும் கதைகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முத்தம் தாமதமாக வருவதாலேயே ஒரு கதை இந்த வகையில் சேர்ந்துவிடாது. தாமதத்துக்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு தப்பபிப்பிராயம், பிறகு ஒரு பழைய காதலி என்று இழுவைதான். ஜப்பானிய பி.எல். பெரும்பாலும் ஒரே தொகுதியில் முடிந்துவிடும். அதனால் பொறுமையாகச் சொல்ல இடம் கிடைப்பதே அபூர்வம்.

இந்தக் கணக்கில் முதல் இடம் யூகி ஃபுமினோவின் 'ஐ ஹியர் தி சன்ஸ்பாட்' தொடருக்கு. கோஹெய்க்குப் பள்ளி நாட்களில் திடீரென்று காது மந்தமாகிவிட்டது. கல்லூரியில் யாரோடும் ஒட்டாமல் இருக்கிறான். எப்போதும் பசியோடு திரியும், உரத்த குரல்காரனான தாய்ச்சி அவனுக்கு வகுப்பில் நோட்ஸ் எடுத்துக் கொடுக்கிறான். கூலி, மதியச் சாப்பாட்டு டப்பா. கேட்காதது உன் குற்றமில்லை, புரியாவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிக் கேள் என்று தாய்ச்சி கோபமாகவே சொல்லும் இடம்தான் கதையின் அச்சு. அதில் பரிதாபம் துளியும் இல்லை. அதனால்தான் கோஹெய் அவனிடம் சாய்கிறான்; அதே காரணத்தால்தான் அவனுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று ஒதுங்கவும் செய்கிறான். தாய்ச்சிக்கோ தன் மனசே தனக்குப் பிடிபடவில்லை. தாமதம் இரண்டு பக்கமும் நியாயமாக இருக்கிறது.

இதில் பலர் தடுக்கி விழுவது வரிசையில். இதே தொடரில் பின்னால் வரும் 'லிமிட்' பகுதியின் முதல் தொகுதி அட்டையில் 1 போட்டிருப்பதால் அதுவே தொடக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். முதலில் வெறும் 'ஐ ஹியர் தி சன்ஸ்பாட்', அடுத்து 'தியரி ஆஃப் ஹாப்பினஸ்', அதன் பிறகே 'லிமிட்' 1, 2, 3. மாற்றிப் படித்தால் இருவரும் சேருவதைப் பார்க்காமலே, சேர்ந்த பிறகு வரும் சிக்கலுக்குள் போய் நிற்பீர்கள். படங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அலுவலகக் கதை வேண்டுமென்றால் யூ டொயோட்டாவின் 'செர்ரி மேஜிக்'. முப்பது வயதுவரை காதல் அனுபவமே இல்லாத அடாச்சிக்கு, தொட்டவர் மனதைப் படிக்கும் சக்தி வந்துவிடுகிறது. நெரிசலான லிஃப்டில் உரசியபோதுதான் கூட வேலை பார்க்கும் குரோசாவா தன்னைக் காதலிப்பதே தெரிகிறது. விடை முதல் அத்தியாயத்திலேயே கைக்கு வந்துவிட்டது. ஆனால் 'என்னிடம் போய் அப்படி என்ன இருக்கிறது' என்ற தாழ்வு மனப்பான்மை அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. 2020 டிவி தொடரை மட்டும் பார்த்துவிட்டு, கடைசி முத்தத்துக்கு முன்னால் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டதில் கடுப்பானவர்கள் காமிக்ஸுக்கு வாருங்கள்.

நட்சுகி கிசுவின் 'கிவன்' 9 தொகுதிகள். கம்பி அறுந்த கிட்டாரை அணைத்துக்கொண்டு படிக்கட்டில் தூங்கும் மாஃபுயுவுக்குக் கம்பி மாட்டித் தருகிறான் உயெனோயாமா. மாஃபுயு இறந்துபோன காதலனின் துக்கத்தில் இருக்கிறான். அந்தத் துக்கம் பாட்டாக வெளியே வரும்வரை அடுத்த காதலுக்கு இடமில்லை. அதே இசைக்குழுவின் மூத்தவர்களான ஹருகி, அகிஹிகோ கதை இன்னும் கசப்பானது. என் பார்வையில் அதுதான் தொடரின் வலுவான பகுதி.

பட்டியல்களில் தவறாமல் வரும் 'டென் கவுன்ட்' (6 தொகுதிகள்) பற்றி ஓர் எச்சரிக்கை. அசுத்தம் என்றாலே அஞ்சும் ஷிரோதானி, செய்யக் கூசும் பத்து விஷயங்களைப் பட்டியலிட்டு, பத்தாவதைக் காலியாக விடுகிறான். தொடக்கம் அபாரம். போகப் போக, உதவ வந்த ஆலோசகர் குரோசே எல்லைகளை மீறுகிறார், காட்சிகளும் வெளிப்படையாகின்றன. அது வயதுவந்தோருக்கான கதை; நிதானமான காதலை எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான்.

நீளத் தொடருக்கு நேரமில்லையா? சகன் சகனின் 'ஓல்ட் ஃபேஷன் கப்கேக்' முதல் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 39 வயது நோசுயேவை, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் 29 வயது தொகாவா இனிப்புக் கடைகளுக்கு அழைத்துப் போகிறான். வயதாகிவிட்டது என்று சலித்துக்கொள்ளும் மேலாளருக்கு இளமை திரும்பட்டும் என்பது சாக்கு. அந்தச் சாக்கு இருக்கும்வரை இருவருமே உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை. தாமதமும் அங்கேதான் இருக்கிறது.