புரூட்டஸ் வாங்கிய வட்டி

கேள்வி: ஊழலைப் பற்றி அவ்வளவு எழுதிவைத்த பழைய ரோமானியர்கள் தாங்களாவது யோக்கியமாக இருந்தார்களா?

பதில்: பேராசைதான் ரோமைக் கெடுத்தது என்று பக்கம் பக்கமாகப் புலம்பிய வரலாற்றாசிரியர் சல்லஸ்ட், அதற்கு முன்னால் கி.மு. 46-ல் ஆப்பிரிக்காவில் ஆளுநராகப் போய், மாகாணத்தைச் சுரண்டினார் என்ற குற்றச்சாட்டோடு திரும்பியவர். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்!

ஆனால் எனக்கு வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான சிசரோவின் கதைதான் மறக்கவே மறக்காது. கி.மு. 70-ல் சிசிலியைக் கொள்ளையடித்த ஆளுநர் வெர்ரஸை நீதிமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்டவர். பின்னாளில் அவரே சிலிசியாவுக்கு (இன்றைய துருக்கியின் தென்பகுதி) ஆளுநராகப் போகிறார், சைப்ரஸும் அவர் பொறுப்பில். அங்கே சலாமிஸ் நகரம் ஸ்காப்டியஸ் என்பவனிடம் கடன்பட்டிருந்தது. வட்டி வருடத்துக்கு 48 சதவீதம். சிசரோ அனுமதித்ததோ 12. முந்தைய ஆளுநர் கொடுத்த குதிரைப்படையை வைத்துக்கொண்டு இந்த ஸ்காப்டியஸ் நகரசபையைப் பூட்டி முற்றுகையிட்டதில் உள்ளேயே ஐந்து உறுப்பினர்கள் பட்டினியில் செத்திருக்கிறார்கள்! சிசரோ அந்தப் படையைத் திருப்பி அழைத்தார். கணக்குப் பார்த்தால் வரவேண்டியது 106 டாலன்ட் (அந்தக் காலத்தில் பெருந்தொகைகளைக் கணக்கிட்ட அளவு), அவன் கேட்டது 200. அப்புறம்தான் தெரிகிறது, பணம் புரூட்டஸுடையது, ஆமாம், பின்னாளில் சீசரைக் குத்திய, நேர்மைக்குப் பேர்போன அதே புரூட்டஸ். ஊர்க்காரர்கள் 106-ஐக் கட்டத் தயார், கோயிலில் வைத்துவிடுகிறோம், அதோடு வட்டி நிற்கட்டும் என்கிறார்கள். ஸ்காப்டியஸ் தனியே கூப்பிட்டு, விஷயத்தை இப்படியே விட்டுவிடுங்கள் என்று கேட்க, சிசரோ தீர்ப்புச் சொல்லாமலே விட்டுவிட்டார். லஞ்சம் எதுவும் வாங்கவில்லை, பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான். இதை அவரே நண்பர் அட்டிகஸுக்குக் கடிதமாக எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

கேள்வி: நேர்மையான ஒருவர் கையில் அதிகாரம் போனால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: நீரோவுக்குப் பிறகு ரோமப் பேரரசராக வந்த கல்பாவைப் பாருங்கள். அடுத்தவர் காசுக்கு ஆசைப்படாதவர். அவர் பெயரைச் சொல்லி வீரர்களுக்கு வாக்களித்த பணத்தைக்கூட, 'நான் வீரர்களைத் தேர்ந்தெடுப்பவன், விலைக்கு வாங்குபவன் அல்ல' என்று தர மறுத்துவிட்டார். ஆனால் அவரைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாவற்றையும் விற்றார்கள், அதை அவர் கண்டுகொள்ளவில்லை. கி.பி. 69 ஜனவரியில் வீரர்களே நடுத்தெருவில் வெட்டிப்போட்டார்கள். ஆட்சிக்கு மட்டும் வராமல் இருந்திருந்தால் ஆளத் தகுதியானவர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதினார். இதைவிடக் குத்தலாக ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா என்ன?

கேள்வி: 'காவலர்களை யார் காவல் காப்பது?' என்று ரோமானியக் கவிஞர் ஜுவனல் கேட்டது எந்த ஆட்சியாளரைப் பார்த்து?

பதில்: யாரையும் இல்லை. பெண்டாட்டியை வீட்டில் பூட்டிக் காவல் போடச் சொன்ன நண்பர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. வேலியே பயிரை மேய்ந்தால் என்ற அர்த்தத்தில் அரசியலுக்கு இழுத்துவந்தது பின்னால் வந்தவர்கள்.